வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, நெய்மீன் ஆகலாமா? தவக்காலச் சுத்தபோசனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் நெருங்கினால் வகுப்பிலும், பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும் இந்தக் கேள்விகள்தான் வரும், கேட்கிற ஆள் மட்டும் மாறும். "சாமியார் சொல்லிட்டார், அதனால செய்" என்று பிள்ளைகளிடம் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தெரிந்ததையும் நம்புவதையும் நம் வழக்கத்தில் எனக்கு உறுத்துகிறதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். நான் லத்தீன் ரீத்துக் (ரீத்து என்றால் வழிபாட்டு மரபு) கத்தோலிக்கப் பெண், கடலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே வீடு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

சட்டம் சரியாக என்னதான் சொல்கிறது?

1983-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1249 முதல் 1253 வரை ஐந்தே ஐந்து சட்டங்கள். வருடத்தின் எல்லா வெள்ளிக்கிழமையும் தவநாள், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுவதும் தவத்துக்கான காலம். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை, அல்லது அந்த நாட்டு ஆயர் பேரவை குறிப்பிடும் வேறு உணவைத் தவிர்க்க வேண்டும். அன்றைக்குப் பெருவிழா வந்தால் கட்டாயம் இல்லை. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும் இறைச்சி விலக்கோடு நோன்பும் சேர்ந்த நாட்கள். இறைச்சி விலக்கு 14 வயது முடிந்தவர்களுக்கு, நோன்பு 18 வயதிலிருந்து 59 வயது நிறையும் வரை.

அப்புறம் கடைசிச் சட்டம், 1253. நோன்பையும் இறைச்சி விலக்கையும் எப்படிக் கடைப்பிடிப்பது என்று ஆயர் பேரவை வகுத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக வேறு தவ முயற்சிகளை, முக்கியமாக அன்புச் செயல்களையும் பக்தி முயற்சிகளையும் வைக்கலாம் என்று அது சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இப்படி ஒரு சட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டதே இல்லை. அமெரிக்காவில் 1966-இலிருந்து தவக்காலம் அல்லாத வெள்ளிகளில் வேறு தவம் செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011-இல் வருடம் முழுக்க வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரே திருச்சபைதான், இடத்துக்கு இடம் ஏற்பாடு மாறுகிறது.

நாற்பது நாளும் இறைச்சி தொடக்கூடாது என்றுதானே எங்கள் வீட்டில் சொன்னார்கள்?

லத்தீன் ரீத்துச் சட்டத்தில் இன்றைக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அது வீட்டு வழக்கம், அல்லது நேர்ச்சை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. திருநீற்றுப் புதனுக்கு முந்தின ராத்திரி, சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, பாட்டி இறைச்சி வைக்கிற மண்சட்டியை எடுத்துச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பார். வெந்நீர் ஊற்றி ரெண்டு தடவை அலசி, மூக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்து, இன்னும் வாடை இருந்தால் மறுபடியும் தேய்ப்பார். பிறகு அடுப்புக்கு மேலே இருந்த பரணில் கவிழ்த்து வைத்தால், ஈஸ்டர் அன்று விடியற்காலைப் பூசை முடிந்து வந்த பிறகுதான் அது இறங்கும். விளிம்பில் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்த சட்டி அது, நாற்பது நாளும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். பாட்டிக்குச் சட்ட எண்ணெல்லாம் தெரியாது. ஆனால் எதையோ எடுத்து வைத்திருக்கிறோம், அது திரும்ப வரும் என்ற நினைப்பு அந்தச் சட்டியால்தான் எங்களுக்கு வந்தது. வீட்டு வழக்கம்தானே என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதையே கட்டளை என்று சொல்லி மருமகளைப் பயமுறுத்தினாலும் வருத்தமாகத்தான் இருக்கும்.

சுத்தபோசனம், ஒருசந்தி, ரெண்டும் ஒன்றா?

இல்லை. பழைய செபப் புத்தகங்களில் இருக்கிற வார்த்தைகள் இவை, இன்றைக்கும் வயதானவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கு. ஒருசந்தி என்றால் நாளில் ஒருவேளை மட்டும் நிறையச் சாப்பிடுவது. காலையிலும் ராத்திரியும் கொஞ்சம் ஏதாவது எடுத்துக்கொள்ள 1966-இல் ஆறாம் பவுல் திருத்தந்தை வெளியிட்ட ஏற்பாட்டிலேயே அனுமதி இருக்கிறது. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பது நல்ல மனசுதான், ஆனால் திருச்சபை அதைக் கேட்கவில்லை.

"சுத்த" போசனம் என்றால் இறைச்சி அசுத்தமா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். நல்ல கேள்வி. அந்த வார்த்தையோடு எனக்கும் கொஞ்சம் சண்டை உண்டு.

நம் ஊரில் "சுத்தம்" என்ற வார்த்தை சாப்பாட்டோடு சேர்ந்தால் அது வெறும் சாப்பாட்டைப் பற்றிய பேச்சாக இருக்காது. சுத்த சைவம் என்று பெருமையாகச் சொல்கிற ஆளும், இறைச்சி தின்கிறவன் என்று மூக்கைச் சுளிக்கிற ஆளும் சாதியைத்தான் பேசுகிறார்கள், குமரியில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மாட்டிறைச்சி வாங்கிவிட்டு அதைப் பைக்குள் பையாக மறைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிற நிலைமை இன்றைக்கும் இருக்கிறது. தவக்காலத்தில் இறைச்சியை விடும்போது அந்தக் கூட்டத்தோடு நாமும் சேர்ந்து, இத்தனை நாள் அசுத்தமானதைத் தின்றோம், இப்போது சுத்தமாகிவிட்டோம் என்று நினைத்தால் அது நம் விசுவாசத்துக்கே எதிரானது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி புலால் உண்ணாமல் சந்நியாசி போல் வாழ்ந்தார் என்பது உண்மை. அது யாரிடம் போய்ப் பேச விரும்பினாரோ அவர்களுக்காக அவர் எடுத்துக்கொண்ட வாழ்க்கை முறை, இறைச்சி தீட்டு என்ற போதனை கிடையாது.

சொல்லப்போனால் நாலாம் நூற்றாண்டிலேயே ஆசியா மைனரில் கங்ரா என்ற ஊரில் கூடிய ஆயர்கள், இறைச்சி உண்கிறவர்களைப் பழிக்கிறவர்களைத்தான் கண்டித்தார்கள். இறைச்சி நல்லது. நல்லதாக இருப்பதால்தான் அதை விடுவதற்கு ஒரு மதிப்பு. கெட்டதை விடுவதில் என்ன தவம் இருக்கிறது?

மீன் மட்டும் எப்படி இறைச்சி ஆகாது?

எல்லோரும் கேட்பது இதுதான். நமக்கு இது குழப்பமாக இருக்க ஒரு காரணம், சைவம் அசைவம் என்று உலகத்தை ரெண்டாகப் பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். ஹோட்டல் பலகையில் மீனும் முட்டையும் ஆடும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆனால் மச்சம், மாமிசம் என்று தனித்தனியாகச் சொல்கிற வழக்கமும் தமிழில் உண்டு. திருச்சபைச் சட்டம் அந்த மாதிரிப் பிரிவினையில்தான் நிற்கிறது. தடை செய்யப்படுவது நிலத்தில் வாழ்கிற விலங்குகளின் பறவைகளின் சதை. நீரில் வாழ்கிறது அந்தக் கணக்கில் வராது.

ஏன் அப்படி? 13-ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் காரணம் சொல்லியிருக்கிறார். நிலத்தில் வாழ்ந்து காற்றைச் சுவாசிக்கிற பிராணிகளின் உடல் மனித உடலுக்கு நெருக்கமானது, அதனால் அவற்றின் இறைச்சி அதிக ருசி தருகிறது, அதிக ஊட்டம் தருகிறது, உடலின் இச்சைகளையும் தூண்டுகிறது என்பது அவருடைய வாதம். அவர் வாழ்ந்த ஐரோப்பாவில் கடலை விட்டுத் தள்ளி இருந்தவர்களுக்கு மீன் என்றால் பெரும்பாலும் உப்பிட்ட மீன், காய்ந்த மீன். நமக்குத் தினமும் கருவாடுதான், ஈஸ்டருக்கு மட்டும்தான் ஆடு என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அந்தச் சட்டத்தின் அர்த்தம் சட்டென்று புரியும். இறைச்சி விருந்து, மீன் ஏழைச் சாப்பாடு.

இந்தப் பிரிவினை போகப்போக எங்கெல்லாமோ போயிருக்கிறது. வெனிசுவேலாவில் நீர்நிலைகளில் வாழ்கிற காப்பிபாரா என்ற பெரிய எலி வகையைத் தவக்காலத்தில் சாப்பிடுகிறார்கள். 2010-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் முதலை மீன் வகையில் சேரும், சாப்பிடலாம் என்று கேட்டவருக்கு எழுதிக் கொடுத்தார். அவர்கள் ஊர், அவர்கள் சாப்பாடு, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எந்த உயிர் எந்தப் பட்டியலில் என்று தேடுகிற வேலையிலேயே நின்றுவிட்டால் எதற்காகத் தேடுகிறோம் என்பது மறந்துபோகும்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை நெய்மீன் பொரித்துச் சாப்பிடலாமா?

சட்டப்படி சாப்பிடலாம். பாவம் இல்லை. ஒரே வரியில் பதில் வேண்டும் என்றால் இத்தோடு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

எனக்கு உறுத்துவதைச் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன்னால் தவக்கால வெள்ளி ஒன்றில், இயேசுவின் பாடுகளைப் பதினாலு தலமாக நினைத்து ஜெபிக்கிற சிலுவைப்பாதை முடிந்து ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். பதினாலு தலத்திலும் முழங்காலிட்டு எழுந்த முட்டி வலி இன்னும் போகவில்லை. இலையில் உள்ளங்கை அகலத்துக்கு நெய்மீன் துண்டு ரெண்டு, இறால் தொக்கு, கணவாய் வறுவல், தேங்காய் அரைத்து வைத்த மீன் குழம்பு, கூடவே மரச்சீனிக் கிழங்கு. வீட்டுக்காரர் ரொம்ப மனநிறைவோடு, "இன்னைக்கு வெள்ளி பாத்தியா, அதனால இறைச்சி வைக்கல்ல" என்றார். அவர் நல்ல மனுஷர், அன்போடுதான் பரிமாறினார். நானும் சாப்பிட்டேன். ஆனால் அந்த ஒரு கிலோ நெய்மீன் விலைக்கு மூணு கிலோ கோழி வாங்கியிருக்கலாம் என்ற கணக்கு என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த மீனை விற்ற அக்காவை எனக்குத் தெரியும். குறும்பனைப் பக்கத்திலிருந்து அலுமினியச் சருவத்தில் மீன் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கி, எங்கள் தெருவெல்லாம் நடந்து விற்பார். ஒருநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, "நல்ல மீனெல்லாம் ஏலத்திலயே உங்களுக்குன்னு போயிடும் மக்ளே, எங்க வீட்டுக்குச் சாளைதான்" என்றார். இறைச்சி? மாதத்தில் ஒரு ஞாயிறு கோழி எடுப்பார்களாம், அதுவும் கடலில் மீன்பாடு இருந்தால். வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாதே என்ற சட்டம் அந்த வீட்டில் புதிதாக எதையும் கேட்கவில்லை, ஏனென்றால் வெள்ளிக்கிழமை அங்கே எப்போதுமே இறைச்சி இல்லை. என் சொந்தக்காரர் வீட்டிலும் அது எதையும் கேட்கவில்லை, ஏனென்றால் இறைச்சியைவிட விலை கூடிய மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் தினமும் மீன் இறங்குகிற மாவட்டத்தில் மீனை ஏழைச் சாப்பாடு என்று வைத்து எழுதிய சட்டத்தை நாம் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி, அதன் பொருளைத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறோம். இதுதான் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

சட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. இறைச்சியை விடுங்கள், எல்லோரும் ஒரே நாளில் ஒன்றாக ஒன்றை விடுவதில் ஒரு பலம் இருக்கிறது. அதோடு, உங்கள் வீட்டில் எது உண்மையில் விருந்தோ அதையும் விடுங்கள். சில வீட்டில் அது நெய்மீன், சில வீட்டில் ராத்திரி பரோட்டா, சில வீட்டில் சீரியல், சில ஆண்களுக்கு அது என்ன என்று அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

பைபிளில் இது எங்கே இருக்கிறது? எங்கள் மைனி (அண்ணி) சிஎஸ்ஐ, அதாவது சீர்திருத்த வழியில் வந்த தென்னிந்தியத் திருச்சபை, அவர் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாதே என்று பைபிளில் எங்கேயும் இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இது திருச்சபை வைத்த ஒழுங்கு, திருச்சபையால் மாற்ற முடிகிற ஒழுங்கு. மைனி 1 திமொத்தேயு 4-ஐ எடுத்துக் காட்டினால், உணவுகளை விலக்கச் சொல்கிறவர்களைப் பற்றிய எச்சரிக்கை அங்கே இருப்பதை ஒத்துக்கொள்ளுங்கள். மாற்கு 7-இல் வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்று ஆண்டவர் சொன்னதையும், திருத்தூதர் பணிகள் 10-இல் பேதுரு கண்ட காட்சியையும் நீங்களே எடுத்துச் சொல்லலாம். அவையெல்லாம் உணவு அசுத்தம் என்கிறவர்களுக்கான பதில். நாம் அப்படிச் சொல்லவில்லை.

நோன்பு என்பது பைபிளில் நிறையவே இருக்கிறது. மணமகன் பிரியும் காலம் வரும், அப்போது நோன்பிருப்பார்கள் என்று மத்தேயு 9-இல் இயேசு சொல்கிறார். வெள்ளிக்கிழமை என்பது அவர் சிலுவையில் இறந்த நாள், அந்த நாளை உடம்பாலும் நினைப்பதுதான் காரணம். தானியேல் 10-இல் மூன்று வாரம் இறைச்சியும் திராட்சை மதுவும் தொடாமல் இருந்ததைப் படிக்கிறோம். அதற்கு மேல், எசாயா 58-ஐ மைனியோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நோன்பு நாளிலேயே வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று ஆண்டவர் கேட்கிறார், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும் நுகத்தடியை உடைப்பதும்தான் நான் விரும்பும் நோன்பு என்கிறார். அதில் கத்தோலிக்கருக்கும் சிஎஸ்ஐக்கும் வித்தியாசம் இல்லை.

ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்ததா?

இல்லை. ஆரம்பத்தில் ஈஸ்டருக்கு முன் சிலர் ஒருநாள், சிலர் ரெண்டு நாள், சிலர் இன்னும் கூடுதலாக நோன்பிருந்தார்கள் என்று ரெண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியு எழுதியிருக்கிறார். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் காலத்தில் நாற்பது நாள் என்ற பேச்சு வந்துவிட்டது. இடைக்காலத்தில் முட்டை, பால், நெய் எல்லாமே தவக்காலத்தில் தடை. பிறகு ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. 1917 சட்டத்தொகுப்பில் இறைச்சிச் சாறும் தடை என்று இருந்தது, 1966-இல் மேலும் எளிதானது. முன்னோர் செய்ததையெல்லாம் அப்படியே செய்கிறோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மீனவர் பிழைக்கவேண்டும் என்று போப்பாண்டவர் போட்ட சட்டமாமே?

இது அடிக்கடி வருகிற வாட்சப் செய்தி. ஆதாரம் இல்லாத கதை. அரசாங்கம் மீன் நாள் வைத்தது வேறு இடத்தில், இங்கிலாந்தில், 1563-இல், அதுவும் சீர்திருத்தச் சபை ஆட்சியில். மீன்பிடித் தொழிலும் கப்பல் ஆட்களும் பெருகவேண்டும் என்று புதன்கிழமையை மீன் நாளாக அறிவித்தார்கள், ஆன்ம மீட்புக்காக இது என்று யாராவது பிரசங்கித்தால் தண்டனை என்றும் அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

தக்கலைப் பக்கம் எங்கள் சித்தி வீட்டில் ஐம்பது நோன்பு என்கிறார்கள், திருநீற்றுப் புதனே இல்லை என்கிறார்கள். அவர்களும் கத்தோலிக்கர்தானே?

கத்தோலிக்கர்தான். நம் மாவட்டத்தில் கோட்டாறும், 2014-இல் அதிலிருந்து பிரிந்த குழித்துறையும் லத்தீன் மறைமாவட்டங்கள். தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்கள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில் வரும். தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரா, ரெண்டும் 1996-இல் ஏற்பட்டவை. இவை ரெண்டும் கீழைத் திருச்சபைகள், அவற்றுக்குத் தனிச் சட்டத்தொகுப்பு இருக்கிறது, அவர்கள் தவக்காலம் திங்கள்கிழமையே தொடங்கிவிடும். ஐம்பது நாளும் இறைச்சியை விடுகிறவர்கள் அங்கே இன்றைக்கும் நிறையப் பேர், சிலர் மீனையும் முட்டையையும் சேர்த்தே விடுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாதையாக இருக்கிறது.

ரெண்டு ரீத்துக் குடும்பத்தில் கல்யாணம் நடந்தால் சமையலறையில் யார் சட்டம் என்று மாமியாரும் மருமகளும் மல்லுக்கட்ட வேண்டாம். பெற்றோர் வெவ்வேறு ரீத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் ரெண்டில் எந்த ஒழுங்கையும் பின்பற்றலாம் என்று கீழைச் சட்டத்தொகுப்பின் 883-ஆம் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

குவைத்தில் வேலை செய்கிறேன். கேம்ப் மெஸ்ஸில் வெள்ளிக்கிழமைதான் பிரியாணி. என்ன செய்ய?

நம் ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளி அங்கே விடுமுறை, வாரம் முழுக்கப் பருப்பும் குப்பூஸும் தின்றவனுக்கு அன்றைக்கு ஒருநாள்தான் நல்ல சாப்பாடு. வேறு சாப்பாடு கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பிரியாணிச் சோறும் தயிர்ப் பச்சடியும் முட்டையும் போதும் என்றால் போதும். வேறு வழியே இல்லை, பட்டினிதான் கிடக்க வேண்டும் என்றால் சட்டம் உங்களை அந்த இடத்தில் கட்டாது. ஊருக்கு வரும்போது பங்குத்தந்தையிடம் சொல்லி வேறு தவமாக மாற்றித் தரச் சொல்லலாம், தனி ஆளுக்கு விலக்கு தரவும் மாற்றித் தரவும் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. மூணு மாதமாகச் சம்பளம் வராத அறைத்தோழனுக்கு உங்கள் ரீசார்ஜ் காசில் பாதியைக் கொடுத்தால் அதை எந்தக் குருவானவரும் தவம் இல்லை என்று சொல்லமாட்டார்.

பக்கத்து வீட்டு இந்து நண்பர் வெள்ளிக்கிழமை விருந்துக்கு அழைத்து ஆட்டிறைச்சி பரிமாறிவிட்டார். மறுத்தால் மனசு நோகும்.

முன்கூட்டியே தெரிந்தால் சொல்லிவிடலாம். சபரிமலைக்கு மாலை போட்ட நண்பரிடம் நாம் கேட்டுக்கேட்டுச் சமைப்பதில்லையா, அதேபோல அவர்களும் கேட்டுக்கொள்வார்கள். இலை போட்டுப் பரிமாறிய பிறகு என்றால், நான் சாப்பிடுவேன். சைப்ரஸ் ஆயர் ஸ்பிரிதியோன் பற்றி ஒரு பழைய வரலாறு இருக்கிறது. தவக்காலத்தில் களைத்துப்போய் வந்த வழிப்போக்கர் ஒருவருக்குக் கொடுக்க வீட்டில் ரொட்டிகூட இல்லை, உப்பிட்ட பன்றி இறைச்சிதான் இருந்தது. அதைச் சமைத்து வைத்து, வந்தவர் தயங்கவே தானும் கூட உட்கார்ந்து சாப்பிட்டார். நான் கிறிஸ்தவன், வேண்டாம் என்று வந்தவர் சொன்னபோது, கிறிஸ்தவன் என்பதால்தான் மறுக்கக்கூடாது, தூயவருக்கு எல்லாம் தூயதே என்றாராம். அவர் இன்றைக்கும் புனிதர் வரிசையில்தான் இருக்கிறார்.

முட்டை, பால், நெய், கருவாடு, நண்டு, சிப்பி?

எல்லாம் ஆகும். கோழி, வாத்து, காடை ஆகாது. கோழிக் குழம்பில் துண்டை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் ஊற்றிக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு ரசம் வையுங்கள். பள்ளிக்கூடச் சத்துணவு முட்டையைப் பிள்ளைகள் தாராளமாகச் சாப்பிடட்டும்.

சர்க்கரை நோய், கர்ப்பம், வயதானவர்கள்?

நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கிற தாய்மாரையும் நோன்பு கட்டாயப்படுத்தாது. மாத்திரை போட்டுவிட்டு ஒருசந்தி இருந்து கோயிலுக்குள்ளேயே மயங்கி விழுந்த ஒரு மாமியை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன், கை சில்லென்று வேர்த்திருந்தது. பெரிய வெள்ளி அன்று மதியம், நல்ல வெயில். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாப்பிடுங்கள், மாத்திரை போடுங்கள், ஜெபம் செய்யுங்கள்.

மறந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டேன். சாவான பாவமா?

மறதி பாவம் ஆகாது. ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள், அன்றைக்கு வேறு ஏதாவது ஒன்றை விடுங்கள். வேண்டுமென்றே, எனக்கு இதெல்லாம் தேவையில்லை என்று தவத்தையே உதறுவதுதான் கனமான விஷயம். அடுத்த வீட்டுக் குழம்பு வாசனையை வைத்து அவர்கள் பாவத்தைக் கணக்கெடுப்பது அதைவிடக் கனம் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்கிறவர் உண்ணாதவரை இழிவாக நினைக்க வேண்டாம், உண்ணாதவர் உண்கிறவருக்குத் தீர்ப்பிட வேண்டாம் என்று உரோமையர் 14-இல் பவுல் எழுதியது இதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை?

ஞாயிறு நோன்பு நாள் இல்லை, ஆண்டவர் உயிர்த்த நாள். திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 வரும், ஆறு ஞாயிற்றைக் கழித்தால்தான் 40. மார்ச் 19 சூசையப்பர் பெருவிழாவும் மார்ச் 25 மங்கள வார்த்தைப் பெருவிழாவும் தவக்கால வெள்ளியில் வந்தாலும் இறைச்சி விலக்கு இல்லை, 2022-இல் மார்ச் 25 அப்படித்தான் வந்தது.

நான் இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விற்பது தப்பா?

தப்பில்லை. எல்லோரும் கத்தோலிக்கர் இல்லையே, உங்கள் பிழைப்பு அது.

மீனையும் விட்டுவிட்டால் மீன் விற்கிற அக்கா என்ன செய்வார்?

இதை என்னிடம் கேட்டது என் மகள். நான் மேலே எழுதியதையெல்லாம் வீட்டில் பேசிவிட்டு, இனி வெள்ளிக்கிழமை மீனும் வேண்டாம், கஞ்சியும் பயறும் போதும் என்று முடிவு செய்த முதல் வாரம். அந்த அக்கா வாசலில் சருவத்தை இறக்கிவிட்டு நிற்கிறார், தவக்கால வெள்ளிதான் அவருக்கு உள்ளூரில் நல்ல வியாபாரம் ஆகிற நாள். வேண்டாம் அக்கா என்று நான் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு சருவத்தை மறுபடி தலைக்குத் தூக்கினார். மகள் கேட்டாள், நம்ம தவத்துக்கு அவங்க ஏம்மா பட்டினி கிடக்கணும் என்று. எனக்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு இப்படிச் செய்கிறோம். வெள்ளிக்கிழமை அவரிடம் மீன் வாங்குகிறோம், விலை கூடியது வேண்டாம், சாளையோ நெத்தோலியோ அயலையோ. அவர் சொன்ன விலையைக் கொடுக்கிறோம். பேரம் பேசாமல் இருப்பதுதான் எனக்கு இறைச்சியை விடுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது, வாய் தானாகக் குறைத்துக் கேட்கப் போகும். எசாயா 58-ஐப் படித்துவிட்டு, வெயிலில் நடந்து வந்தவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்ட எப்படி முடியும்? 5-ஆம் நூற்றாண்டில் ரவென்னா ஆயராக இருந்த பீட்டர் கிரிசோலோகஸ் நோன்பு, ஜெபம், இரக்கம் மூன்றையும் பிரிக்க முடியாது, இரக்கம் இல்லாத நோன்பு விளையாது என்று பிரசங்கம் செய்திருக்கிறார், மறைக்கல்வி வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான்.

நெய்மீனுக்கும் சாளைக்கும் இடையில் மிச்சமாகிற காசு ஒரு பிஸ்கட் டின்னில் விழுகிறது, எண்ணி எழுதுவது மகள் வேலை. ஈஸ்டரோடு அதைக் கோயில் உண்டியலில் கொட்டிவிடாமல் கொஞ்ச நாள் வைத்திருக்கிறோம். நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு தடவை வரும், கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற அந்த நாட்களில் அக்கா வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தாலே அதிகம், சருவத்தின் அடியில் கொஞ்சம் கருவாடுதான் இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் அதுதான். போன ஜூனில் அவருடைய பேத்திக்கு நோட்டும் பையும் வாங்கினோம், டின்னில் இருந்தது போதவில்லை, ஒரு ஐந்நூறு மேலே போட வேண்டியிருந்தது. இந்த வருடம் முன்னாலேயே சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம்.